வாட் கணக்கு இல்லாத ஒப்பந்தப்புள்ளி

கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பிற நிறுவனங்களுக்கும் கணினி வாங்குவதற்கான விவரக்குறிப்பை எழுதும் கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கு,



கணினி ஆய்வகம் ஒன்றுக்காக வெளியிடப்படும் ஒப்பந்தப்புள்ளியில், செயலியைப் பற்றிய வரி பெரும்பாலும் எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ், எந்தத் தலைமுறை என்ற மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. அந்தச் செயலி தொடர்ந்து எத்தனை வாட் மின்சாரத்தை உட்கொள்ளும், உட்கொண்ட மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறும்போது அதை வெளியேற்றக் கணினிப் பெட்டிக்கும் அது வைக்கப்படும் அறைக்கும் எவ்வளவு திறன் உண்டு என்ற கேள்வி அங்கே இடம்பெறுவது அரிது. விடுபட்டுப்போகும் இந்த நான்காவது கேள்விதான் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக முதல் மூன்றின் விடைகளையும் தீர்மானித்து வருகிறது என்பதையும், வரவிருக்கும் செயலிகளில் அதன் பிடி மேலும் இறுகும் என்பதையும் குழுவினரின் கவனத்துக்குக் கொண்டுவருவதே இம்மடலின் நோக்கம்.

கோர் என்பது செயலிச் சில்லுக்குள் தனித்து இயங்கவல்ல ஒரு முழுமையான கணிப்பு அலகு. அது டிரான்சிஸ்டர்கள் எனப்படும் நுண்ணிய சுவிட்சுகள் கோடிக்கணக்கில் சேர்ந்து அமைந்தது. ஒவ்வொரு சுவிட்சும் திறந்து மூடும்போது சிறிதளவு மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. இதற்குச் செலவாகும் மின்திறன், சுற்றின் மின்தேக்குத்திறனுக்கும், நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதைக் குறிக்கும் அலைவெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. அலைவெண்ணைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் சேர்த்து உயர்த்த வேண்டியிருப்பதால், வேகத்தில் கிடைக்கும் சிறு ஏற்றத்துக்கு மின்சாரத்தில் கொடுக்கும் விலை அதைவிடப் பல மடங்காகிவிடுகிறது. இன்டெல் நிறுவனம் 2007-இல் ஆய்வுக்காக உருவாக்கிக் காட்டிய 80 கோர்கள் கொண்ட சில்லு இதற்குத் தெளிவான சான்று: 0.95 வோல்ட் மின்னழுத்தத்தில் 3.16 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியபோது அது 62 வாட் செலவில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி தசமக் கணக்குகளைச் செய்தது; அதே சில்லு 1.35 வோல்ட்டில் 5.7 கிகாஹெர்ட்ஸுக்கு முடுக்கப்பட்டபோது கணிப்பு வேகம் 1.8 மடங்குதான் கூடியது, மின்செலவோ 265 வாட்டாக, அதாவது நான்கு மடங்குக்கும் மேலாக ஏறியது. மெதுவாக ஓடும் பல கோர்கள், வேகமாக ஓடும் சில கோர்களைவிடச் சிக்கனமானவை என்ற பொறியியல் வாதம் முழுவதும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. கோர்களின் எண்ணிக்கை பெருகத் தொடங்கியதற்கும் இதுவே காரணம்.

இந்த நெருக்கடி எப்போதும் இருந்ததன்று. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, டிரான்சிஸ்டரின் நீள அகலங்களையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிக்கொண்டே போனால், அதே பரப்பளவில் இரு மடங்கு டிரான்சிஸ்டர்களை அடுக்கி அவற்றை முன்னைவிட வேகமாக இயக்கினாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கான மின்செலவு மாறாது என்று காட்டியது. அடுத்த முப்பது ஆண்டுகள் கணினித் துறை அனுபவித்த சலுகை அதுதான். 1993-இல் வெளிவந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் இயங்கியது. புத்தாயிரத்தின் முதற்சில ஆண்டுகளுக்குள் செயலிகளின் மின்னழுத்தம் 1.3 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் கடந்தும், மேசைக் கணினிச் செயலி ஒன்று தன் உச்ச வேகத்தில் ஓடும்போது இன்றும் 1 வோல்ட்டுக்கு மேலேயே கேட்கிறது. டிரான்சிஸ்டர் எந்த மின்னழுத்தத்தில் திறக்கத் தொடங்குகிறதோ அந்த வாசல் மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் அளவுக்குத் தாழ்த்தினாலே, மூடியிருக்கும் நிலையிலும் ஊறிச் செல்லும் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடுகிறது என்பதே இந்தத் தேக்கத்தின் அடிப்படை. கசிவு வெப்பத்தை உண்டாக்குகிறது, வெப்பம் கசிவை மேலும் கூட்டுகிறது. ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் இச்சுழலை எந்த வடிவமைப்பாளராலும் முற்றாக அறுக்க இயலவில்லை.

திருப்புமுனையாக அமைந்த ஆண்டு 2004. அவ்வாண்டு பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட பிரெஸ்காட் என்ற பென்டியம் 4 செயலி, முந்தையதைவிடச் சிறிய 90 நானோமீட்டர் டிரான்சிஸ்டர்களால் கட்டப்பட்டிருந்தும் முந்தையதைவிட அதிகமாகச் சூடேறியது. அதன் வெப்ப மதிப்பீடு 115 வாட் வரை சென்றது. அதை அடுத்து வரவிருந்த டேஜாஸ் என்னும் திட்டம் மே மாதத்தில் கைவிடப்பட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளிவரும் என்று அளிக்கப்பட்டிருந்த வாக்குறுதியும் அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அதே நிறுவனத்தின் பாட் கெல்சிங்கர், செயலிகள் இப்படியே சூடேறிக்கொண்டு போனால் அவற்றின் வெப்பச் செறிவு அணு உலையையும் ராக்கெட்டின் வாயையும் எட்டிப்பிடிக்கும் என்று பொறியாளர் மாநாட்டில் எச்சரித்திருந்தார் என்பதை எண்ணும்போது, துறை அறியாமல் சுவரில் மோதவில்லை, அறிந்தே வேகத்தைக் குறைக்கத் தவறியது என்றுதான் சொல்ல வேண்டும். 2005-இல் இன்டெலும் ஏஎம்டியும் இரண்டு கோர்கள் கொண்ட மேசைக் கணினிச் செயலிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அன்று முதல் விளம்பரங்களில் கிகாஹெர்ட்ஸ் பின்வாங்கிக் கோர் எண்ணிக்கை முன்வந்தது.

ஆனால் கோர்களைப் பெருக்குவதற்கும் வெப்பமே எல்லை வகுத்தது. ஹாதி எஸ்மாயில்சாதே, டக் பர்கர் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, 22 நானோமீட்டர் தலைமுறையிலேயே சில்லின் 21 சதவீதத்தையும், 8 நானோமீட்டரில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியையும் எந்த நேரத்திலும் அணைத்தே வைத்திருக்க வேண்டியிருக்கும் என்று கணித்தது; இவ்வாறு மின்சாரப் பற்றாக்குறையால் உறங்கிக் கிடக்கும் பகுதியை இருண்ட சிலிக்கான் என்று அழைப்பர். நடைமுறையில் விளக்கு முழுவதுமாக அணைக்கப்படுவதைவிட மங்கலாக்கப்படுவதே அதிகம்: எல்லாக் கோர்களும் ஒருசேர உழைக்கும்போது ஒவ்வொன்றின் வேகமும் தாழ்த்தப்படுகிறது, ஒன்றிரண்டு மட்டும் உழைக்கும்போது அவற்றுக்கு உயர் வேகம் வழங்கப்படுகிறது. அட்டைப்பெட்டியின்மேல் அச்சாவது பின்னதன் எண்.

குழுவினர் மிகவும் எச்சரிக்கையோடு அணுக வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. டிடிபி என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் வெப்ப வடிவமைப்புத் திறன், செயலி உட்கொள்ளும் உச்ச மின்சாரத்தின் அளவு என்று பரவலாக எண்ணப்படுகிறது. உண்மையில் அது, குளிர்விப்பான் தயாரிப்பவர் எந்த அளவு வெப்பத்தை வெளியேற்றத் திட்டமிட வேண்டும் என்பதற்காகத் தரப்படும் எண். அதைக் கணக்கிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் செயலிக்கு டிடிபி 170 வாட், ஆனால் தாய்ப்பலகையிலுள்ள பொருத்துவாய் வழியாக அது இழுக்க அனுமதிக்கப்பட்ட அளவு 230 வாட். இன்டெல் 2021-இல் வந்த 12-ஆம் தலைமுறையிலிருந்து அடிப்படைத் திறன், உச்ச டர்போத் திறன் என இரண்டு எண்களைத் தனித்தனியே வெளியிடத் தொடங்கியது வரவேற்கத்தக்க மாற்றம். ஐ9-13900கே செயலிக்கு அவை முறையே 125 வாட், 253 வாட். டர்போ என்பது, வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை செயலி தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் ஏற்பாடு. விலைப்பட்டியல்களில் உச்ச வேகம் பருத்த எழுத்திலும் அதற்கான வாட் அளவு அடிக்குறிப்பிலும் இடம்பெறுவது வணிகத்தின் இயல்பு; அதைப் புரட்டிப் படிப்பது வாங்குவோரின் பொறுப்பு.

அலுவலகங்களில் இடத்தை அடைக்காத சிறு பெட்டிக் கணினிகள் இப்போது விரும்பி வாங்கப்படுவதால், அவற்றுக்கென வரும் ஐ9-13900டி செயலியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். மேலே சொன்ன 13900கே செயலியைப் போலவே அதிலும் 24 கோர்கள். உச்ச வேகம் 5.3 கிகாஹெர்ட்ஸ். கோர் எண்ணிக்கையையும் உச்ச வேகத்தையும் மட்டும் கேட்கும் ஒப்பந்தப்புள்ளியில் அது பெரிய பெட்டிக்கான தன் அண்ணன் செயலியோடு ஏறத்தாழச் சமமாகவே நிற்கும். ஆனால் அதன் அடிப்படைத் திறன் 35 வாட் மட்டுமே. அந்த 35 வாட்டில், அதிலுள்ள பெரிய, சிறிய கோர்களில் பெரியவற்றுக்கு உறுதியளிக்கப்பட்ட அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ். உச்ச டர்போவில் 106 வாட் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு என்றாலும், கையடக்கப் பெட்டியின் சிறு மின்விசிறியால் அந்த வெப்பத்தைத் தொடர்ந்து வெளியேற்ற இயலாதபோது, சில நொடிகளுக்கோ ஒரு நிமிடத்துக்கோ பிறகு செயலி தன்னைத்தானே தாழ்த்திக்கொள்ளும். கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் இணையத்தில் படிவம் நிரப்புபவருக்கும் இதனால் எந்த இழப்பும் இல்லை, ஏனெனில் அவர்களுடைய வேலை நொடிகளில் முடியும் சிறு துண்டுகளால் ஆனது. அணைக்கட்டுமானப் படிமம் கணக்கிடும் பொறியியல் மாணவருக்கோ, காணொளி தொகுக்கும் ஊடகத் துறைக்கோ அதே கணினி, பாதிக் கோர்கள் கொண்டு நல்ல குளிர்விப்பானோடு வந்த மலிவான கணினியிடம் தோற்றுப்போகக்கூடும். மடிக்கணினிகளில் நிலைமை இன்னும் குழப்பமானது: ஒரே பெயர் கொண்ட செயலியை ஒரு தயாரிப்பாளர் 15 வாட்டிலும் இன்னொருவர் 28 வாட்டிலும் இயக்க முடியும், செயலியின் பெயரை மட்டும் கேட்கும் விவரக்குறிப்புக்கு இவ்விரண்டும் ஒன்றே.

வெப்பத்தின் எல்லை செயலியோடும் பெட்டியோடும் முடிவதில்லை. அறையின் வெப்பநிலையும் அக்கணக்கில் சேர்கிறது. செயலியின் உள்வெப்பம், அறைவெப்பத்தோடு மின்திறனையும் குளிர்விப்பானின் வெப்பத்தடையையும் பெருக்கி வரும் எண்ணைக் கூட்டினால் கிடைக்கும். வெப்பத்தடை என்பது ஒரு வாட் வெப்பம் கடந்து செல்ல எத்தனை டிகிரி வேறுபாடு தேவை என்பதன் அளவு. வெப்பத்தடை அரை டிகிரி என்றும், செயலி தாங்கும் எல்லை பல இன்டெல் செயலிகளுக்கு உள்ளதுபோல் 100 டிகிரி செல்சியஸ் என்றும் கொண்டால், 25 டிகிரி அறையில் அச்செயலி 150 வாட் வரை தொடர்ந்து உழைக்கலாம். 40 டிகிரி அறையில் அதே கணினிக்கு 120 வாட்டுக்கு மேல் வழியில்லை. ஐந்தில் ஒரு பங்கு திறன் பருவநிலையிடம் பறிபோகிறது. அலுவலகக் கணினிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக அறிவிக்கும் இயக்க வெப்பநிலை 35 டிகிரியில் முடிகிறது. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதப் பிற்பகலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே ஏசி இல்லாமல் இருக்கும் அறை அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். ஆய்வறிக்கைகளிலும் இதழ்களின் மதிப்புரைகளிலும் காணப்படும் வேக அளவீடுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையிலான அறைகளில் எடுக்கப்பட்டவை என்பதையும் இங்கே நினைவில் கொள்வது நல்லது.

அறையும் கணினிகளால் சூடாகிறது. மின்சாரம் ஒரு வாட் உள்ளே சென்றால் ஒரு வாட் வெப்பம் வெளியே வந்தே தீரும். செயலி எவ்வளவு பயனுள்ள கணக்கைப் போட்டாலும் இதில் தள்ளுபடி கிடையாது. 60 கணினிகள் கொண்ட ஆய்வகத்தில் திரையோடு சேர்த்து ஒவ்வொன்றும் சராசரியாக 150 வாட் எடுத்தால் மொத்தம் 9 கிலோவாட் ஆகும். ஒரு டன் ஏசி ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், கணினிகளுக்கு மட்டுமே இரண்டரை டன்னுக்கு மேல் தேவைப்படும். ஆளுக்கு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியிடும் 60 மாணவர்களுக்கும், வெயிலில் காயும் கூரைக்கும் உரியது அதற்கு மேல். டர்போ வரம்பின்றி ஓடும் செயலிகளோடு ஒவ்வொரு கணினியும் 300 வாட் இழுக்குமானால் ஐந்து டன்னைத் தாண்டும் கணக்கு அது; யுபிஎஸ்ஸின் கொள்ளளவும் பேட்டரிகளின் எண்ணிக்கையும் அதே விகிதத்தில் உயரும். கணினிக்கு ஒரு குழு, ஏசிக்கும் மின்வயரிங்குக்கும் பொதுப்பணிப் பிரிவு என்று பொறுப்புகள் பிரிந்து கிடக்கும் நிறுவனங்களில், இந்த இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

இனி வரும் செயலிகள் இச்சுமையைத் தளர்த்துமா என்றால், ஒரு கணக்கில் ஆம், மற்றொரு கணக்கில் இல்லை. வழங்கிகளுக்கான ஏஎம்டி எபிக் வரிசையில் 2017-இல் 32 கோர்களுக்கு 180 வாட்டாக இருந்த மதிப்பீடு, 2024-இல் 192 கோர்களுக்கு 500 வாட்டாக வந்து நிற்கிறது. ஒரு கோருக்கான பங்கு ஐந்தரை வாட்டிலிருந்து இரண்டரை வாட் அளவுக்குக் குறைந்திருந்தாலும், ஒரே பொருத்துவாயிலிருந்து வெளியேற்ற வேண்டிய மொத்த வெப்பம் மும்மடங்கை நெருங்கிவிட்டது. வெப்பம் எத்தனை சிறிய பரப்பில் குவிகிறது என்பது அதனினும் கடினமான சிக்கல். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் அதன் வெப்பச் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். 253 வாட் இழுக்கும் ஐ9-13900கே சில்லின் பரப்போ ஏறத்தாழ இரண்டரை சதுர சென்டிமீட்டர், அதாவது 100 வாட் அளவுக்கான செறிவு. சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் புதிய முறை இதை மேலும் சிக்கலாக்குகிறது. ஏஎம்டி 2022-இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியில் கூடுதல் நினைவகச் சில்லு கணிப்புச் சில்லின்மேல் அடுக்கப்பட்டதால் வெப்பம் வெளியேறும் பாதை தடைப்பட்டது. அதன் உச்ச வேகம் அடுக்கில்லாத முந்தைய செயலியின் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5-ஆகக் குறைக்கப்பட்டது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி அந்த அடுக்கைத் தலைகீழாக்கி நினைவகத்தைக் கீழே வைத்ததும் உச்ச வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற முடிந்தது. டிரான்சிஸ்டர்களின் அடிப்புறத்திலிருந்தே மின்சாரம் வழங்கும் முறையும் இப்போது உற்பத்திக்கு வருகிறது. அதில் மின்னழுத்த இழப்பு குறைகிறது என்றாலும், வெப்பத்தைப் பரப்பி உதவிய தடித்த சிலிக்கான் தளம் மெலிதாகச் சீவப்பட்டுவிடுவதால் சூடான புள்ளிகள் மேலும் சூடாகின்றன. ஒரு பக்கம் கிடைத்த வரவு மறுபக்கம் செலவாகும் இக்கணக்கு இத்துறைக்குப் புதிதன்று.

மின்திறனுக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள வரம்பைத் தளர்த்தி ஓட்டுவதன் விளைவு வெப்பத்தோடு நிற்பதுமில்லை. மேசைக் கணினிகளுக்கான தாய்ப்பலகைகள் பலவற்றில் மின்திறன் வரம்பு 4096 வாட் என்று முன்னிருப்பாகப் பதியப்பட்டு வந்தது. வரம்பே இல்லை என்பதற்கான மறுபெயர் அது, ஏனெனில் எந்த மேசைக் கணினிச் செயலியும் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தன் இயல்பில் கேட்பதில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் சில நிலைகுலைந்து முடங்கிய சிக்கல் 2024-இல் பெரிதாகப் பேசப்பட்டபோது, செயலிக்குள் இருக்கும் நுண்நிரல் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டதே காரணம் என்று அந்நிறுவனம் ஜூலையில் அறிவித்து, ஆகஸ்டில் திருத்தம் வழங்கி, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் வருவதற்கு முன்பே சிதைந்த சில்லை எந்த நிரலாலும் மீட்க முடியாது. ஆகவே, மின்னழுத்தமும் வெப்பமும் செயலியின் ஆயுளோடும் தொடர்புடையவை என்பதை, ஐந்தாண்டுக்கோ ஏழாண்டுக்கோ ஒருமுறை மட்டுமே கணினி மாற்றும் நிறுவனங்கள் தனியாகக் கருத வேண்டும்.

குழுவினர் எழுதும் விவரக்குறிப்பில் இதற்கெல்லாம் இடம் ஒதுக்குவது கடினமன்று. செயலியின் அடிப்படைத் திறனையும் உச்ச டர்போத் திறனையும் தனித்தனியே கேட்பதோடு, வழங்கப்படும் பெட்டிக்குள் அச்செயலி தொடர்ந்து எத்தனை வாட்டில் இயங்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஒப்பந்ததாரர் எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாலே, போட்டியிடும் கணினிகளின் உண்மையான வரிசை மாறிவிடும். அதைச் சரிபார்க்க, மாதிரிக் கணினி ஒன்றை அது வைக்கப்படவிருக்கும் அறையிலேயே, இயன்றால் கோடையில், எல்லாக் கோர்களுக்கும் முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டலாம். முதல் நிமிடத்திலும் முப்பதாவது நிமிடத்திலும் வேகம், வெப்பநிலை, மின்மானியில் தெரியும் வாட் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே அக்கணினியின் தராதரத்தைச் சொல்லிவிடும். தேவையை மதிப்பிடும்போது மென்பொருளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வேலையில் ஐந்து சதவீதம் பிரிக்க முடியாததாக இருந்தால், 1967-இல் ஜீன் அம்டால் காட்டிய விதிப்படி எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் இருபது மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது, அலுவலக வேலைகளில் பிரிக்க முடியாத பங்கு இதைவிடப் பெரிது என்பதால் எட்டு கோர்களுக்கு மேல் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண்.

ஏற்கெனவே வாங்கி வைத்துள்ள கணினிகளுக்கும் வழி உண்டு. கணினியின் தொடக்க அமைப்பில் மின்திறன் வரம்பைத் தாழ்த்தும் வசதி பல மேசைக் கணினிகளில் இருக்கிறது. உச்ச வேகத்தின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மின்சாரத்தை மிக அதிகமாக விழுங்குவது என்பதால், வரம்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் எல்லாக் கோர்களும் இயங்கும் வேலைகளில் வேகம் அதே அளவுக்கு வீழ்வதில்லை. 7950எக்ஸ் போன்ற செயலிகளுக்கு அவற்றின் தயாரிப்பாளரே சிக்கன முறை என்ற பெயரில் 65 வாட் தெரிவை வழங்கியிருக்கிறார். ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய இந்த மாற்றத்துக்கு ஒப்பந்தப்புள்ளியோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை; எந்தக் கணினியில் எந்த வரம்பு வைக்கப்பட்டது என்பதை இருப்புப் பதிவேட்டில் குறித்து வைத்தால் போதும், ஏனெனில் மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பின் சில தாய்ப்பலகைகள் பழைய நிலைக்கே திரும்பிவிடுவது உண்டு.